மீசைக்கு எதற்குக் கருத்தடை மாத்திரை?

முகத்தில் முடி வளர்கிறது என்று மருத்துவரிடம் போகும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சீட்டில் எழுதித் தரப்படுவது கருத்தடை மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் போனால் அதோடு இன்னொன்று சேர்கிறது: ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற ஸ்பைரனோலாக்டோன். மருந்துக்கடைக்காரர் சீட்டையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். வீட்டில் அட்டையின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதையெல்லாம் எதுக்கு எழுதுறாங்க?" பாதி அட்டையோடு மருந்து நின்றுபோகிறது.

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை. பதில் இதுதான்: பெண்களின் மிகை முடிக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை முடிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. கருத்தடையிலிருந்து ஒன்று, ரத்தக் கொதிப்பிலிருந்து ஒன்று, வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்திலிருந்து ஒன்று என்று வேறு வேறு இடங்களிலிருந்து இரவல் வாங்கியவை. அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கென்றே அரசு அனுமதி பெற்ற விழுங்கும் மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. உலகம் முழுக்க மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில், வழிகாட்டு நெறிகளை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அட்டையில் உள்ள பெயருக்கும் நம் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லாததுபோலத் தெரிவது இதனால்தான்.

சம்பந்தம் மயிர்க்காலுக்குள் இருக்கிறது. பெண்ணின் கன்னத்திலும் மேலுதட்டிலும் தாடையிலும் மயிர்க்கால்கள் பிறவியிலேயே உண்டு. அவற்றில் முளைப்பது மெல்லிய, நிறம் குறைந்த பூனைமுடி. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்கள் அங்கே போய் வேலை செய்தால் அதே மயிர்க்கால் தடித்த கறுப்பு முடியை முளைக்க வைக்கும். ஆண்ட்ரோஜனை 'ஆண் ஹார்மோன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் எல்லாப் பெண்களின் உடலிலும் அது சிறிதளவு ஊறத்தான் செய்கிறது. சினைப்பை கொஞ்சம் தருகிறது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் தருகிறது, மீதி கொழுப்பிலும் தோலிலும் வேறு ஹார்மோன்களிலிருந்து உருமாறி வருகிறது.

ஊறுகிற டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் வேலை செய்வதும் இல்லை. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம் அதன் பெரும்பகுதியைப் பற்றி வைத்துக்கொள்கிறது. கட்டிப்போட்ட மாடு வயலில் இறங்கி மேயாது என்பது மாதிரி, பற்றப்பட்ட ஹார்மோன் மயிர்க்காலைத் தொடாது. கட்டில்லாமல் திரிகிற நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் கணக்கில் வரும். அந்தப் பங்கும் மயிர்க்காலுக்குள் போனபின், ஃபைவ் ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது. ஊறுவதைக் குறைக்கலாம், கட்டும் புரதத்தைக் கூட்டலாம், நொதியைத் தடுக்கலாம், ஹார்மோன் போய் உட்காரும் ஏற்பியை அடைக்கலாம். இந்த நான்கு இடங்களில் ஏதோ ஒன்றிலோ இரண்டிலோ கை வைப்பவைதான் எல்லா மாத்திரைகளும்.

மருந்துக்கு முன்னால், யாருக்கு மருந்து என்பதைப் பார்த்துவிடுவோம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மிகை முடி இருப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் முக்கால்வாசிக்குப் பின்னால் இருப்பது பிசிஓஎஸ். நம் ஊரில் பிசிஓடி என்றும் நீர்க்கட்டி என்றும் சொல்வது. 1935இல் சிகாகோவில் ஸ்டீன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் மாதவிலக்கு தவறிய ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோதே முடி வளர்ச்சியையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். இன்சுலின் அதிகம் சுரக்கும் உடலில் அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது, கல்லீரலில் அந்தக் கட்டும் புரதத்தையும் குறைக்கிறது. இரண்டு பக்கமும் அடி. வேறு சில பெண்களுக்கு மாதவிலக்கும் சரியாக இருக்கும், ரத்தத்தில் ஹார்மோன் அளவும் சரியாக இருக்கும், முடி மட்டும் வளரும். இன்னும் சிலருக்குப் பிறவியிலேயே அட்ரீனலில் ஒரு நொதிக் குறை மிதமாக இருக்கும். அதை 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற காலை நேர ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

முடியை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. 1961இல் ஃபெரிமனும் கால்வேயும் உருவாக்கிய மதிப்பெண் முறை அது. இன்று உடலின் ஒன்பது இடங்களுக்குப் பூஜ்ஜியம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 36க்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் உள்ள முடி கணக்கில் வராது; அது ஆண்ட்ரோஜனைப் பெரிதாக நம்பி வளர்வதில்லை. கையில் முடி அதிகம் என்று ஹார்மோன் பரிசோதனைக்கு ஓடும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். எட்டைத் தாண்டினால் மிகை என்பது பழைய கோடு. இனத்துக்கு இனம் அது மாறும் என்பதால் 2018இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல் நான்கு முதல் ஆறு என்று கோட்டை இறக்கிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த மதிப்பெண்ணுக்கு ரொம்ப மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பெண்கள் த்ரெட்டிங் செய்துகொண்டுதான் மருத்துவரைப் பார்க்கவே வருகிறார்கள், பிறகு எதை எண்ணுவது? ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் 2018 நெறிமுறையும் அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்பதைத்தான் முன்னால் வைக்கிறது. தொந்தரவாகத் தெரியாத முடிக்கு மருந்து வேண்டாம், அடியில் இருக்கும் காரணத்தைக் கவனித்தால் போதும்.

ஒரே ஒரு சூழலில் மட்டும் மாத்திரையைப் பற்றிப் பேசவே கூடாது. முடி சில மாதங்களுக்குள் மளமளவென்று வளர்ந்து, குரல் தடித்து, நெற்றிப் பக்கம் வழுக்கை ஏறி, தசை இறுகினால், சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அரிதுதான். ஆனால் அரிது என்று விட்டுவிடக்கூடாத அரிது.

இனி மாத்திரைகள். கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் ஒன்றும் புரோஜெஸ்டின் ஒன்றுமாக இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலைத் தணிக்கின்றன. சினைப்பை ஓய்வெடுக்கிறது, அங்கிருந்து வரும் ஆண்ட்ரோஜன் குறைகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி அந்தக் கட்டும் புரதத்தை அதிகமாகத் தயாரிக்க வைக்கிறது. கரு தங்காமல் தடுப்பது இந்த வேலையின் ஒரு விளைவு, முடியைக் குறைப்பது இன்னொரு விளைவு. அவ்வளவுதான் சங்கதி. எல்லாருக்கும் தெரிந்தது முதல் விளைவு என்பதால் மாத்திரைக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது.

இதில் சைப்ரோட்டெரோன் கலந்த மாத்திரைக்குத் தனிக் கதை உண்டு. ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனத்தில் 1960களில் இந்தப் பொருளைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த ஆண் குட்டிகள் பெண் குட்டிகளைப் போல இருந்தன. ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து என்ற ஒரு வகையே அப்படித்தான் துலங்கியது. பிறகு அது ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து டயான்-35 ஆனது: சைப்ரோட்டெரோன் 2 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ராடயோல் 35 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் பருவுக்கும் மிகை முடிக்கும் என்றே அனுமதி பெற்ற மாத்திரை இது. நான் சொன்ன இரவல் கணக்கில் சேராத விதிவிலக்கு. அமெரிக்கா இன்றுவரை சைப்ரோட்டெரோனை அனுமதிக்கவில்லை. இந்தியாவிலோ வேறு வேறு வணிகப் பெயர்களில் தாராளமாகப் புழங்குகிறது.

2013 ஜனவரியில் பிரான்ஸ் இந்த மாத்திரையை நிறுத்திவைக்கப் போவதாக அறிவித்தது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனது போன்ற காரணங்களால் கால் நூற்றாண்டில் நான்கு மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. அங்கே அதை வெறும் கருத்தடைக்காகவே ஏராளமானவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, சரியான நோயாளிக்குப் பலன் அதிகம், ஆனால் வேறு சிகிச்சை பலிக்காத பிறகு கொடுங்கள் என்றது. 2014 தொடக்கத்தில் மாத்திரை பிரெஞ்சுக் கடைகளுக்குத் திரும்பியது. 2020இல் அடுத்த எச்சரிக்கை வந்தது: சைப்ரோட்டெரோனை நாளுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ நீண்டகாலம் எடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது, அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. 2 மில்லிகிராம் மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மெனிஞ்சியோமா வந்தவர்களுக்கு அதுவும் ஆகாது.

ரத்த உறைவு பயத்தை எண்ணில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் சுமார் 2 பேருக்கு இப்படி உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் உள்ள மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேருக்கு. ட்ரோஸ்பைரெனோன் என்ற புரோஜெஸ்டின் உள்ளதில் 9 முதல் 12 பேருக்கு. ஐரோப்பிய முகமை சொன்ன கணக்கு இது. மடங்காகப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆளாகப் பார்த்தால் சிறியது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களிலும் இதைவிட அதிகம். ஆனால் இந்தச் சிறிய எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்றல்ல. முன்பு ரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், மார்பகப் புற்று வந்தவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையின் வேலையே குறைந்துபோகும். அக்காளின் சீட்டைக் காட்டித் தங்கைக்கு வாங்குவது ஏன் தவறு என்பதற்கு இத்தனை காரணம் போதும். முகத்தில் மங்கு விழுவதும் சிலருக்கு உண்டு. முடி போகட்டும் என்று தொடங்கிய பெண்ணுக்கு அது சின்ன விஷயமல்ல.

விலை கூடிய புதிய மாத்திரைதான் முடிக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. எண்டோகிரைன் சங்கம் ஒரு மாத்திரையை இன்னொன்றுக்கு மேலாக வைக்கவில்லை. உறைவு ஆபத்து குறைந்ததும் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதும் ஆன ஒன்றில் தொடங்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஸ்பைரனோலாக்டோனின் வரவு தற்செயல். 1960 வாக்கில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து அது. சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கியது; ஆண்ட்ரோஜனோடு இது எங்கேயோ மோதுகிறது என்று அதிலேயே குறிப்பு இருந்தது. 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், ரத்தக் கொதிப்புக்காக இதை எடுத்த ஒரு பெண்ணுக்கு மிகை முடி குறைந்ததை எழுதினார்கள். அவருக்கு பிசிஓஎஸ்ஸும் இருந்தது. பக்கவிளைவாகக் கிடைத்ததை வேண்டிய விளைவாக மாற்றிக்கொண்டார்கள். இன்று நாளுக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை எழுதுகிறார்கள். மயிர்க்காலில் ஆண்ட்ரோஜன் உட்காரும் ஏற்பியில் இது முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்கிறது. சிறுநீர் அதிகம் போகும், சிலருக்கு மாதவிலக்கு முன்னே பின்னே தள்ளும், எழுந்ததும் தலை சுற்றலாம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடும் என்பது பாடப்புத்தகப் பயம். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளம்பெண்களுக்கு அது அரிது என்று 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைக் கூடவே எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் இளநீரைக்கூடக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

ஃபினாஸ்டெரைடு வந்த வழி இதைவிட விசித்திரம். டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் சில பிள்ளைகள் பெண் என்று நினைத்து வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாக வெளிப்பட்டார்கள். ஃபைவ் ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அவர்கள் என்று 1974இல் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்ஜின்லி குழுவினர் எழுதினார்கள். வளர்ந்தபின் அவர்களுக்கு புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, தாடி மெலிதாக இருந்தது, வழுக்கை விழவில்லை. அந்த நொதியைத் தடுக்க ஒரு மருந்து செய்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. 1992இல் புராஸ்டேட்டுக்கும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் வந்த ஃபினாஸ்டெரைடைப் பெண்ணின் முகமுடிக்கும் எழுதுகிறார்கள். தலையில் முடியைக் காக்கிற மருந்தே தாடையில் முடியைக் குறைக்கிறது. ஒரே ஹார்மோன் தலையில் மயிர்க்காலைச் சுருக்கி, முகத்தில் அதைத் தடிக்க வைப்பதால் வந்த வேடிக்கை இது.

ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஃப்ளூட்டமைடு கல்லீரலைக் கெடுத்துவிடக்கூடும், வேண்டாம் என்றே நெறிமுறை சொல்கிறது. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிலக்குக்கும் உதவலாம், முடிக்கு மட்டும் என்று அதை எடுப்பதில் பலனில்லை.

எந்த மாத்திரையானாலும் ஒரு மாதத்தில் கண்ணாடியில் எதுவும் தெரியாது. மருந்து ஏற்கெனவே முளைத்த முடியை உதிர்ப்பதில்லை. அடுத்து முளைப்பதை மெலிதாகவும் மெதுவாகவும் ஆக்குகிறது. முடி வளர்ந்து, நின்று, உதிர்ந்து, மறுபடி முளைக்கும் சுற்று ஒன்று முடிய மாதங்கள் ஆகும் என்பதால் ஆறு மாதத்துக்கு முன் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டாம் என்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் போதாவிட்டால்தான் கருத்தடை மாத்திரையோடு ஸ்பைரனோலாக்டோன் போன்றது சேரும். அதுவரை த்ரெட்டிங், ஷேவிங் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்ற பேச்சை 1928இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் சோதித்துப் பார்த்து இல்லை என்று காட்டிவிட்டார். இன்னும் அந்தப் பேச்சு போகவில்லை. மாத்திரையை நிறுத்தினால் சில மாதங்களில் முடி திரும்பும், ஏனென்றால் காரணம் அப்படியே இருக்கிறது.

நம் வீடுகளில் இந்தக் கால அளவுதான் இடிக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். மருந்து பலன் காட்டத் தொடங்கும் நேரத்தில் கல்யாணம் முடிந்திருக்கும். உடனே 'விசேஷம் உண்டா' என்று கேட்க ஆரம்பிப்பார்கள், மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். ஸ்பைரனோலாக்டோன், ஃபினாஸ்டெரைடு, சைப்ரோட்டெரோன் எதுவும் கர்ப்பத்தில் ஆகாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு உருவாவதற்கு ஆண்ட்ரோஜன் தேவை. இவை அதைத் தடுத்துவிடலாம். எலிக்குட்டிகளிடம் பார்த்த அதே விஷயம். கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே கருத்தடை இல்லாமல் இவற்றை எழுதக்கூடாது என்பது விதி. கருத்தடை மாத்திரையும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்து வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால் மருத்துவர் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கல்யாணம் ஆகாதவளிடம் உறவு பற்றி எப்படிக் கேட்பது என்று பல மருத்துவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்காமல் ஸ்பைரனோலாக்டோனை மட்டும் தனியாக எழுதுவதும் நடக்கிறது. கருத்தடை மாத்திரை என்ற பெயருக்குப் பயந்து, அதைவிடக் கவனமாகக் கையாள வேண்டிய மருந்தைக் கொடுப்பது தலைகீழான ஜாக்கிரதை. மாத்திரை எடுத்தால் பின்னால் குழந்தை தங்காது என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. நிறுத்திய சில மாதங்களில் உடல் அதன் பழைய நிலைக்கு வரும். பிசிஓஎஸ் இருந்தவருக்கு அந்தப் பழைய நிலையிலேயே கருத்தரிப்பில் சிக்கல் இருந்திருக்கலாம், பழி மட்டும் மாத்திரையின் மேல் விழுகிறது. கல்லூரி வயதிலேயே, கல்யாணப் பேச்சுக்கு வெகு முன்னால், தனக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று பெண் தானே சொல்லித் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் போதிய அவகாசம் கிடைக்கிறது.

ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தால் மாத்திரைக்கு முன்பே செய்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு செய்தால் மாத்திரை அடக்கி வைத்திருக்கும் அளவுதான் தெரியும். பெண்களின் குறைந்த டெஸ்டோஸ்டிரோன் அளவைச் சாதாரண ஆய்வகக் கருவிகள் துல்லியமாகக் காட்டுவதுமில்லை. ஆகவே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியோ கலவரமோ அடைய வேண்டாம்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு எஃப்ளார்னிதின் கிரீம் ஒன்று இருக்கிறது. ஹார்மோனைத் தொடாமல் மயிர்க்காலின் வளர்ச்சியை மட்டும் மந்தமாக்கும். அதுவும் இரவல்தான்: புற்றுநோய்க்கென்று ஆராயப்பட்டு, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு உயிர் காக்கும் ஊசியானது. லாபம் இல்லை என்று 1990களில் அந்த ஊசியின் தயாரிப்பு நின்றது. 2000இல் பெண்களின் முகமுடிக்கான கிரீமாக அதே பொருள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஏழைகளின் நோய்க்கு இல்லாத மருந்து மீசைக்கு இருக்கிறதே என்று எழுந்த கூச்சலுக்குப் பிறகுதான், 2001இல் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஊசியும் திரும்பி வந்தது.

லேசர் வேகமாக வேலை செய்யும். கறுப்பு முடிக்குப் பொருத்தம், ஆனால் கருத்த தோலைச் சுடாமல் இருக்க என்டி-யாக் போன்ற நீண்ட அலைநீளக் கருவி தேவை. தெற்காசியப் பெண்களில் சிலருக்கு முகத்தில் லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி குறைவதற்குப் பதில் கூடிவிடும் விநோதமும் உண்டு. பார்லர் விளம்பரத்தில் இதைப் போடமாட்டார்கள். அடியில் ஆண்ட்ரோஜன் ஊறிக்கொண்டிருக்கும்போது லேசர் மட்டும் செய்தால் புதிய முடி வந்துகொண்டே இருக்கும் என்பதால், மாத்திரையோடு சேர்த்துச் செய்பவர்களுக்குத்தான் பலன் நிற்கிறது.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. ஈஸ்ட்ரோஜன் குறைய, ஆண்ட்ரோஜன் அவ்வளவாகக் குறையாமல் நிற்பதால் தாடையில் நாலைந்து கெட்டி முடி முளைப்பது சகஜம். ஒரு இடுக்கியே அதற்குப் போதும். அந்த வயதில் கருத்தடை மாத்திரை மருந்தாகாது. நாலைந்தோடு நிற்காமல் ஆண்டுக்கு ஆண்டு தாடியாகப் பரவினால், தலைமுடியும் கொட்டினால், சினைப்பை அந்த வயதிலும் ஆண்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்க வேண்டும். 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு அதைத் தள்ளிப்போடக் கூடாது.